போர்ச்சுகல் கடலோரத்தில் சொகுசு விடுதி: முதல்முறை போகிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை

போர்ச்சுகலின் தெற்குக் கரையான அல்கார்வில் நாங்கள் தங்கிய விடுதியில், முதல் நாள் காலை எட்டரை மணிக்கு, நீச்சல்குளத்துக்குப் பக்கத்தில் நின்றிருந்த பணிப்பெண் என் அம்மாவைப் பார்த்து "துவால்யா?" என்று கேட்டார். அம்மாவுக்கு ஆங்கிலம் அவ்வளவாக வராது, போர்ச்சுகீசியத்தில் ஒரு சொல்கூடத் தெரியாது, ஆனால் "ஆமாம்மா, ரெண்டு துவாலை குடு" என்று விரலைக் காட்டி வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். துவாலை அவர்களிடமிருந்து நம்மிடம் வந்த சொல். அறைச் சாவி அங்கே 'ஷாவ்', ஜன்னல் 'ஜனெலா', மேசை 'மேசா', வராந்தா அங்கேயும் வராந்தாதான். அவர்கள் கப்பலில் வந்து நம் கரையில் விட்டுப்போன சொற்கள் அவர்கள் ஊர் விடுதி அறையில் நமக்காகக் காத்திருக்கின்றன.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் பயணத்துக்குப் பிறகு, கல்யாண நாள், ஓய்வு பெற்ற பெற்றோருக்கு ஒரு நல்ல விடுமுறை என்று பல காரணங்களோடு நண்பர்கள் கேட்கும் முதல் கேள்வி, "எந்த ஹோட்டல் நல்லது?" என்பதுதான். நான் முதலில் சொல்வது, ஹோட்டலை அப்புறம் பார்க்கலாம், முதலில் எந்தக் கரை என்று முடிவு செய்யுங்கள் என்று. போர்ச்சுகலில் ஒரு கரைக்கும் இன்னொரு கரைக்கும் காற்று வேறு, தண்ணீரின் சூடு வேறு, மணல் வேறு. ஐந்து நட்சத்திரம் எல்லா இடத்திலும் ஐந்து நட்சத்திரம்தான். ஆனால் கடல் எல்லா இடத்திலும் ஒன்று கிடையாது.

முதலில் கரையைத் தேர்ந்தெடுங்கள்

அட்லாண்டிக் கடல் நம் வங்கக் கடல் மாதிரி வெதுவெதுப்பானது கிடையாது, இதை மனதில் பதித்துக்கொண்டுதான் எதையும் ஆரம்பிக்க வேண்டும். சென்னையில் காலை வைத்தால் 28, 29 டிகிரி. போர்ச்சுகலின் மேற்குக் கரையில் ஆகஸ்ட் மாத நடுவெயிலில்கூடத் தண்ணீர் பெரும்பாலும் 17 முதல் 19 டிகிரிதான். கோடையில் வடக்கிலிருந்து ஓயாமல் ஒரு காற்று வீசும், அவர்கள் 'நொர்தாதா' என்பார்கள், நம் கணக்கில் வாடைக்காற்று. அது மேல்மட்டத் தண்ணீரைக் கரையிலிருந்து வெளியே தள்ளிவிட, அடியில் இருக்கிற குளிர்ந்த தண்ணீர் மேலே ஏறி வரும். அதனால்தான் வெயில் சுடச்சுட அடித்தாலும் கடல் சில்லென்று இருக்கிறது. காலையில் அமைதியாக இருக்கிற கரையில் மதியம் இரண்டு மணிக்கு மேல் மணல் பறந்து காலில் ஊசி மாதிரி குத்தும்.

தெற்கில் இருக்கும் அல்கார்வ் கரையை வடக்கே இருக்கிற மலைகள் ஓரளவு மறைத்து நிற்பதால் அங்கே நிலைமை வேறு. ஆகஸ்டில் தண்ணீர் 20 முதல் 23 டிகிரி வரை வரும். கிழக்கிலிருந்து 'லெவாந்த்' என்ற காற்று, நம் ஊர் கொண்டல் மாதிரி, சில நாள் வீசினால் இன்னும் கொஞ்சம் சூடாகும். அல்கார்வையே உள்ளூர்க்காரர்கள் இரண்டாகப் பிரித்துத்தான் பேசுவார்கள்: மேற்குப் பாதி 'பார்லவெந்து', அதாவது காற்று வரும் பக்கம், கிழக்குப் பாதி 'சோதவெந்து', காற்று மறையும் பக்கம். கடலோடிகள் வைத்த பெயர்கள், அதனால் நம்பலாம்.

மேற்குப் பாதியில்தான் நீங்கள் படங்களில் பார்க்கும் பொன்னிறப் பாறைகளும் குகைகளும் இருக்கின்றன. லாகோஸ் பக்கத்தில் பொன்ட்டா த பியதாத், லாகோவா பக்கத்தில் மரீன்யா கடற்கரை, பெனாகில் குகை எல்லாம் இங்கேதான். கண்ணுக்கு இதை மிஞ்சிய கரை கிடையாது, ஆனால் பல கடற்கரைகளுக்குப் பாறை உச்சியிலிருந்து படி இறங்கித்தான் போக வேண்டும், திரும்பி ஏறவும் வேண்டும். மூட்டுவலி இருப்பவர்களை அழைத்துப் போகிறவர்கள் விடுதியிலிருந்து மணலுக்கு எத்தனை படி என்று கேட்காமல் பணம் கட்டாதீர்கள். அல்புஃபேராவுக்குக் கிழக்கே ஃபலேசியா கடற்கரைக்கு மேலே இருக்கிற பைன் கிளிஃப்ஸ் விடுதியில் மணலுக்கு இறங்க மின்தூக்கியே வைத்திருக்கிறார்கள். ஃபலேசியா ஏறத்தாழ 6 கிலோமீட்டர் நீளத்துக்குச் செக்கச்செவேல் என்ற மண்குன்றுக்குக் கீழே ஒரே நீட்டாகக் கிடக்கும் கடற்கரை, காலையில் நடக்க அதைவிட நல்ல இடம் அந்தப் பக்கத்தில் இல்லை.

கிழக்குப் பாதி முழுக்க வேறு உலகம். ஃபாரோ, ஒல்யாவ், டவீரா ஊர்களுக்கு முன்னால் ரியா ஃபொர்மோசா என்ற காயல், அதற்கு அந்தப் பக்கம் நீளநீளமான மணல்தீவுகள், அதற்கும் அப்பால்தான் கடல். பாறையும் இல்லை, படியும் இல்லை, ஆனால் கடலுக்குப் போக ஒரு படகோ மரப்பாலமோ வேண்டும். கின்த்தா து லாகோவில் பணக்கார விடுதிகளும் கோல்ஃப் மைதானங்களும் நிறைந்திருக்கின்றன, அங்கேயும் மரப்பாலத்தில் காயலைக் கடந்துதான் கடற்கரைக்கு நடக்கிறார்கள். குழந்தைகளோடும் பெரியவர்களோடும் போகிறவர்களுக்கு என் ஓட்டு கிழக்குப் பாதிக்குத்தான். மணல் சமதளம், தண்ணீர் ஓரளவு சூடு, கூட்டமும் குறைவு.

அல்கார்வைத் தவிர மூன்று இடங்களைச் சொல்லலாம். லிஸ்பனுக்குப் பக்கத்தில் எஷ்டோரில், கஷ்கைஷ். காயிஷ் து சொத்ரே நிலையத்திலிருந்து கடலோரமாகவே ஓடும் ரயிலில் 40 நிமிஷம். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் நாடிழந்த மன்னர்களும் உளவாளிகளும் தங்கிய எஷ்டோரில் பலாசியோ ஹோட்டல் 1930இல் திறந்தது, இன்றைக்கும் நடக்கிறது. நகரத்தைப் பார்க்கவும் வேண்டும், கடலும் வேண்டும் என்றால் இது சரி, நீந்தத்தான் வேண்டும் என்றால் சரிப்படாது. அடுத்து கொம்போர்த்தா, லிஸ்பனுக்குத் தெற்கே சாதோ ஆற்றைத் தாண்டி. நெல்வயல், நாரைக் கூடு, பைன் மரம், ஆள் நடமாட்டமில்லாத மணல் என்று அமைதியான இடம், விலை மட்டும் மிக அதிகம். வயல் இருக்கிற இடத்தில் கொசுவும் இருக்கும், மருந்து எடுத்துப் போங்கள். மூன்றாவது மதேரா தீவு. ஃபுஞ்சலில் ரீட்ஸ் பேலஸ் 1891இலிருந்து நடக்கிறது, தோட்டமும் மாலைத் தேநீரும் பேர்போனவை. ஆனால் அங்கே மணல் கடற்கரையை எதிர்பார்க்காதீர்கள். பாறையில் கட்டிய மேடையிலிருந்து படியில் நேரே ஆழக் கடலுக்குள் இறங்குவார்கள். மணல் வேண்டும் என்றால் பக்கத்துத் தீவான போர்த்தோ சாந்தோவுக்குக் கப்பல் ஏற வேண்டும், அங்கே 9 கிலோமீட்டருக்கு மணல்தான்.

எந்த மாதம்

என் கணக்கில் செப்டம்பர்தான். கோடை முழுக்க வெயில் வாங்கிய கடல் அப்போதுதான் அதன் உச்சச் சூட்டில் இருக்கும், ஐரோப்பியக் குடும்பங்கள் பள்ளி திறந்து திரும்பிப் போயிருப்பார்கள், அறை வாடகையும் இறங்க ஆரம்பித்திருக்கும். ஜூன் அடுத்தது. பகல் நீளம், ஒன்பது மணி வாக்கில்தான் சூரியன் மறைகிறது, ஆனால் தண்ணீர் இன்னும் குளிர். ஜூலை, ஆகஸ்ட் இரண்டு மாதமும் போர்ச்சுகீசியர்களே அங்கே வந்துவிடுவார்கள், விலை உச்சத்தில் நிற்கும், நல்ல விடுதிகள் பலவற்றில் குறைந்தது ஐந்து அல்லது ஏழு இரவு தங்கினால்தான் அறை கொடுப்பார்கள். ஆகஸ்டில் ஓர் இரவுக்கு 500 யூரோவுக்கு மேல் கேட்கும் அறை நவம்பரில் பாதிக்கும் கீழே வருவது சாதாரணம். குளிர்காலத்தில் கடலில் இறங்க முடியாது, ஆனால் பாறை உச்சியில் நடக்கவும் வெயிலில் உட்கார்ந்து படிக்கவும் அது நல்ல காலம். சில விடுதிகள் குளிரில் மூடியே கிடக்கும் என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் போனது ஏப்ரல் கடைசியில். விடுதியின் படங்களில் இருந்த அந்த நீலக் குளம் நிஜமாகவே அழகு, ஆனால் சூடேற்றாத தண்ணீர். அம்மா காலை வைத்துவிட்டு உடனே எடுத்துவிட்டார். ஐந்து நாளும் அந்தக் குளத்தை வேடிக்கை பார்த்துக்கொண்டு, வாங்கிய துவாலையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். 'பிஷ்சீனா அக்கெசீதா' என்று எழுதியிருந்தால் அது சூடேற்றிய குளம். அந்தச் சொல் இல்லை என்றால் குளம் குளிர்ந்துதான் இருக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அறையை எடுக்கும் முன்னால்

இந்தக் கட்டத்தில்தான் பணம் வீணாகிறது, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். 'ரிசார்ட்' என்ற சொல்லை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். போர்ச்சுகலில் அந்தப் பெயரில் இருப்பவற்றில் பல, கோல்ஃப் மைதானத்தைச் சுற்றிக் கட்டிய வீடுகளும் அடுக்ககங்களும் சேர்ந்த வளாகங்கள். கடலிலிருந்து நாலைந்து கிலோமீட்டர் உள்ளே இருக்கும், மணிக்கு ஒரு வண்டி கடற்கரைக்கு ஓடும். கோல்ஃப் ஆடுகிறவர்களுக்கு அது சொர்க்கம், கடலுக்காகப் போகிறவர்களுக்கு ஏமாற்றம். அல்கார்வின் சொகுசு விடுதிக் கதை ஆரம்பித்ததே கோல்ஃபோடுதான். ஃபாரோ விமான நிலையம் 1965இல் திறந்தது, அடுத்த வருஷமே போர்ட்டிமாவ் பக்கத்தில் பெனீனா ஹோட்டல் கோல்ஃப் மைதானத்தோடு வந்தது. வரைபடத்தில் விடுதியின் வாசலுக்கும் மணலுக்கும் நடைவழியை நீங்களே அளந்து பாருங்கள், 'கடலுக்கு 5 நிமிஷம்' என்று எழுதியிருந்தால் அது காரிலா, நடந்தா என்று கேளுங்கள்.

அப்புறம் 'கடல் பார்த்த அறை'. 'ஃப்ரெந்த் மார்' என்றால் அறை நேரே கடலைப் பார்த்து நிற்கிறது. 'விஷ்டா மார்' என்றால் கடல் தெரியும், எவ்வளவு தெரியும் என்பது வேறு விஷயம். 'விஷ்டா மார் லத்தெரால்' என்றால் பக்கவாட்டில் தெரியும். எங்களுக்குக் கிடைத்தது இந்த மூன்றாவது வகை. பால்கனியின் இடது ஓரத்தில் நின்று கழுத்தை நீட்டினால் இரண்டு கட்டடங்களுக்கு நடுவில் ஒரு முழம் நீலம் தெரிந்தது. நான் அந்தக் கடைசிச் சொல்லைப் படிக்காமல் ஓர் இரவுக்கு 60 யூரோ கூடுதலாகக் கொடுத்திருந்தேன். விடுதியின் பெயரைச் சொல்லப் போவதில்லை, அவர்கள் எழுதியதைத்தான் கொடுத்தார்கள்.

சாப்பாட்டுத் திட்டத்தில், 'பெக்கேனு அல்மோசு' காலை உணவு, 'மெய்யா பென்சாவ்' காலையும் இரவும், 'துதூ இன்க்லுயீது' எல்லாம் சேர்த்து. காலை உணவு மட்டும் போதும் என்பது என் கருத்து. போர்ச்சுகலில் கடலோரச் சாப்பாட்டுக் கடைகள் அவ்வளவு நன்றாக இருக்கும்போது மூன்று வேளையும் விடுதிக்குள்ளேயே சாப்பிடுவது நஷ்டம். ஒரே ஒரு இரவு பெரிய செலவு செய்ய வேண்டும் என்றால், போர்ஷெஷில் வீலா வீத்தா பார்க் விடுதிக்குள் இருக்கும் ஓஷன் உணவகமும் அல்புஃபேரா பக்கத்தில் வீலா ஜொயாவும் சிறந்த உணவகங்களுக்குத் தரும் மிஷ்லின் நட்சத்திரம் இரண்டு வாங்கியவை. மாதக்கணக்கில் முன்பே இடம் பிடிக்க வேண்டும்.

முன்பதிவுத் தளத்தில் விலையைப் பார்த்த பிறகு, விடுதிக்கே நேராக ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். ஆங்கிலத்தில் எழுதினால் போதும். நான் இப்போதெல்லாம் கேட்கும் கேள்விகள் இவை: மணலுக்கு எத்தனை படி, மின்தூக்கி உண்டா, எந்தக் குளம் சூடேற்றியது, எந்த மாதம் வரை, நாங்கள் வரும் வாரம் கட்டட வேலை ஏதாவது நடக்கிறதா, அறை எந்த மாடி, எந்தத் திசை, கடற்கரைப் படுக்கையும் குடையும் வாடகைக்குள் சேர்த்தியா, தனியா. ஒரு விடுதி இதற்குத் தெளிவாகப் பதில் எழுதினால் அந்த விடுதியை நம்பலாம். சுற்றி வளைத்து எழுதினால் அடுத்ததைப் பாருங்கள்.

இன்னொன்று, விசா கைக்கு வரும் வரை திருப்பித் தரும் வகையிலேயே அறை எடுங்கள். மலிவாக இருக்கிறது என்று திருப்பித் தராத அறையை எடுத்து, விசா தாமதமாகி முழுப் பணத்தையும் விட்டவர்கள் எனக்குத் தெரிந்தே இரண்டு பேர். வாடகைக்கு மேல் நகராட்சிச் சுற்றுலா வரி தனியாக வரும். லிஸ்பனில் ஆளுக்கு ஓர் இரவுக்கு 4 யூரோ, அல்கார்வின் பல ஊர்களில் கோடையில் 2 யூரோ, ஏழு இரவுக்கு மேல் கிடையாது. விடுதியில் சேரும்போது இதை வாங்குவார்கள், ஏமாற்றுகிறார்கள் என்று நினைக்க வேண்டாம்.

விசாவும் போக்குவரத்தும்

இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டுக்கு ஷெங்கன் விசா, அதாவது பல ஐரோப்பிய நாடுகளுக்கும் பொதுவான விசா, வேண்டும். சிங்கப்பூர், மலேசியக் கடவுச்சீட்டு இருந்தால் 90 நாள் வரை விசா தேவையில்லை. பெரியவர்களுக்குக் கட்டணம் 90 யூரோ, 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு கட்டாயம், ஆறு மாதத்துக்கு முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். கோடை என்றால் நேர்காணல் தேதி கிடைப்பதே கஷ்டம், மூன்று மாதத்துக்கு முன்பே ஆரம்பித்துவிடுங்கள். துபாய் வழியாக எமிரேட்ஸ் லிஸ்பனுக்குப் பறக்கிறது. விமான நிலையத்தில் கடவுச்சீட்டு வரிசை நீளமாக இருக்கும், 2025 அக்டோபரில் கைரேகையும் முகப்படமும் எடுக்கும் புதிய முறை வேறு தொடங்கியிருக்கிறது, அதனால் இறங்கிய நேரத்துக்கும் ரயிலுக்கும் நடுவில் மூன்று மணி நேரமாவது விடுங்கள்.

லிஸ்பனிலிருந்து ஃபாரோவுக்கு ரயிலில் மூன்று மணி நேரம். முன்கூட்டியே எடுத்தால் சீட்டு மலிவு. ஒரு எச்சரிக்கை: அல்கார்வில் சில இடங்களில் ரயில் நிலையமும் அது பேர் தாங்கிய ஊரும் ஒரே இடத்தில் இருக்காது. அல்புஃபேரா நிலையம் ஊரிலிருந்து சுமார் 6 கிலோமீட்டர் உள்ளே ஃபெரெய்ராஷில் இருக்கிறது. பெட்டியோடு இறங்கிக் கடலைத் தேடாதீர்கள், டாக்சி வேண்டும். கார் எடுத்தால் சுதந்திரம் அதிகம், அல்கார்வின் குறுக்கே ஓடும் ஏ22 நெடுஞ்சாலைக்கு 2025 ஜனவரியிலிருந்து சுங்கமும் இல்லை. லிஸ்பனிலிருந்து வரும் ஏ2வுக்கு இன்னும் உண்டு. பன்னாட்டு ஓட்டுநர் அனுமதியும், பிணைத்தொகை பிடிக்க ஓட்டுபவரின் பெயரிலேயே ஒரு கிரெடிட் கார்டும் கையில் இருக்கட்டும்.

கடலுக்குள் இறங்கும் முன்

இதைத் தயவுசெய்து முழுக்கப் படியுங்கள்.

போர்ச்சுகலில் கடற்கரை எந்த விடுதிக்கும் சொந்தமில்லை. 1864 டிசம்பர் 31ஆம் தேதி அரசாணையிலிருந்து கரையோர நிலம் பொதுச்சொத்து. எவ்வளவு பெரிய விடுதிக்கு முன்னால் இருக்கிற மணலானாலும் நீங்கள் உங்கள் துவாலையை விரித்து உட்காரலாம். விடுதியோ கடைக்காரரோ உரிமம் எடுத்துப் படுக்கையும் ஓலைக்குடையும் போட்டிருக்கிற பகுதிக்குள் மட்டும்தான் வாடகை. 'எங்கள் தனிக் கடற்கரை' என்று ஒரு விடுதி விளம்பரம் செய்தால், அது அங்கே போவதற்கு அவர்கள் வைத்திருக்கும் பாதையைத்தான் சொல்கிறது. ஆக, நீங்கள் கொடுக்கும் பெரிய வாடகை கடலுக்கு இல்லை. அறை, படுக்கை, தோட்டம், கவனிப்பு, மணலுக்குச் சுலபமாக இறங்குவது, இவற்றுக்குத்தான்.

கொடிகளைக் கவனியுங்கள். பச்சை என்றால் நீந்தலாம். மஞ்சள் என்றால் நீந்தக் கூடாது, ஓரத்தில் கால் நனைக்கலாம், அவ்வளவுதான். சிவப்பு என்றால் தண்ணீரில் இறங்கவே கூடாது. நீலமும் வெள்ளையும் கட்டம் போட்ட கொடி என்றால் உயிர்காப்பாளர் கொஞ்ச நேரம் அங்கே இல்லை. நம் ஊரில் கொடி பார்த்துப் பழக்கமில்லாததால் மஞ்சளில் இடுப்பளவு இறங்கிவிடுகிறோம். அட்லாண்டிக் இழுப்பு வேறு மாதிரி, மெரினாவில் அலையாடிய தைரியத்தை அங்கே காட்ட வேண்டாம். மே கடைசி, ஜூன் ஆரம்பத்திலிருந்து செப்டம்பர் வரைதான் பொதுவாக உயிர்காப்பாளர்கள் இருப்பார்கள், மற்ற மாதங்களில் கொடியே இருக்காது.

கடல் மட்டம் தினமும் ஏறி இறங்கும் ஏற்றவற்றம் இன்னொரு விஷயம். அங்கே ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் மூன்று மீட்டருக்கு மேல்கூட வித்தியாசம் வரும். வற்றத்தில் பாறையைச் சுற்றி நடந்து அடுத்த சின்னக் கடற்கரைக்குப் போயிருப்பீர்கள், ஏற்றம் வந்தால் திரும்பும் வழி தண்ணீருக்குள் போய்விடும். விடுதி வரவேற்பில் அன்றைய 'ப்ரெய்யா மார்' எத்தனை மணிக்கு என்று கேளுங்கள், அதுதான் உச்ச ஏற்றம். அதற்கு இரண்டு மணி நேரம் முன்பே திரும்பிவிடுங்கள்.

பாறைக்குக் கீழே நிழலுக்காக உட்காராதீர்கள். அந்தப் பொன்னிறக் குன்றுகள் மென்மையான கல், சொல்லாமல் கொள்ளாமல் சரியும். 2009 ஆகஸ்டில் அல்புஃபேரா பக்கத்தில் மரியா லுயீசா கடற்கரையில் பாறை சரிந்து ஐந்து பேர் இறந்துபோனார்கள். குன்றின் உயரத்தைப் போல ஒன்றரை மடங்கு தூரம் தள்ளி உட்கார வேண்டும் என்பது அங்கே விதி. எச்சரிக்கைப் பலகைக்குப் பக்கத்திலேயே ஆட்கள் துவாலை விரித்துப் படுத்திருப்பதைப் பார்ப்பீர்கள். நீங்கள் தள்ளி உட்காருங்கள். பெனாகில் குகைக்கு நீந்திப் போவதும் உள்ளே மணலில் இறங்குவதும் 2024இலிருந்து தடை. வழிகாட்டியோடு கயாக்கிலோ படகிலோ போய்ப் பார்த்துத் திரும்பலாம். அதே குன்றின் மேல் மரீன்யாவிலிருந்து வால் த சென்த்தியானிஷ் வரை சுமார் 6 கிலோமீட்டர் நடைபாதை ஒன்று உண்டு, குகையின் மேல்துளையை அங்கிருந்தே பார்க்கலாம், காசும் இல்லை.

சாப்பாடு

உணவகத்தில் உட்கார்ந்ததும் ரொட்டி, ஆலிவ், வெண்ணெய், சில சமயம் பாலாடைக்கட்டி என்று கேட்காமலே கொண்டுவந்து வைப்பார்கள். இதன் பெயர் 'கூவேர்'. இது இலவசம் இல்லை. வேண்டாம் என்றால் "நாவ், ஒப்ரிகாது" என்று சொல்லித் திருப்பி அனுப்பலாம், பெண்கள் 'ஒப்ரிகாதா' என்பார்கள். நீங்கள் கேட்காததற்கும் தொடாததற்கும் பணம் வாங்கக் கூடாது என்று சட்டமே இருக்கிறது. மீன் கடைகளில் விலை கிலோ கணக்கு. தட்டில் மீனைக் கொண்டுவந்து காட்டுவார்கள், நீங்கள் தேர்ந்தெடுத்ததும் "எடை போட்டு விலை சொல்லுங்கள்" என்று கேட்டுவிட்டுத் தலையாட்டுங்கள், இதில் கூச்சமே வேண்டாம், அங்கே எல்லாரும் கேட்கிறார்கள்.

சோறு கிடைக்குமா என்று கவலைப்படுகிறவர்களுக்கு ஒரு நல்ல செய்தி, போர்ச்சுகீசியர்கள் நன்றாகவே சோறு சாப்பிடுகிறவர்கள். தக்காளிச் சோறு, அவரை வகைப் பயறு போட்ட சோறு, இறால் நண்டு சிப்பி போட்டுக் குழம்போடு தளதளவென்று வரும் 'அரோஷ் த மரிஷ்கு', எல்லாம் நம் நாக்குக்கு ஒத்துவரும். அல்கார்வில் 'ஷெரேய்ங்' என்று மக்காச்சோள மாவில் மட்டி போட்டுக் கிண்டுகிறார்கள். அம்மா ஒரு வாய் வைத்துவிட்டு "இது களிடா" என்றார். உறைப்பு வேண்டும் என்றால் பிரி-பிரி கேளுங்கள், கீயா ஊரின் சுட்ட கோழி அதற்குப் பேர்போனது. சைவக்காரர்கள் காய்கறி சூப்பிலும் கவனமாக இருக்க வேண்டும், 'கால்து வேர்த்' சூப்பில் ஒரு துண்டு பன்றித் தொத்திறைச்சி மிதக்கும். "செய்ங் கார்ன், செய்ங் பெய்ஷ்" என்றால் இறைச்சி வேண்டாம், மீன் வேண்டாம். சொகுசு விடுதியில் தங்குவதன் ஒரு பெரிய வசதி இதுதான், முதல் நாளே சமையல்காரரிடம் சொல்லி வைத்தால் மறுநாளிலிருந்து தனியாகச் செய்து கொடுத்துவிடுகிறார்கள்.

குறை இருந்தால்

அறை சொன்னபடி இல்லை, ஏசி ஓடவில்லை, கணக்கில் கூடுதலாகப் போட்டிருக்கிறார்கள் என்றால் முதலில் வரவேற்பில் அமைதியாகச் சொல்லுங்கள். நடக்கவில்லை என்றால் 'லிவ்ரு த ரெக்லமசோய்ஷ்' கேளுங்கள். புகார்ப் புத்தகம். விடுதி, உணவகம், கடை என்று வாடிக்கையாளர் வரும் எல்லா இடத்திலும் அது இருக்க வேண்டும் என்பது சட்டம், கேட்டால் மறுக்க முடியாது, நீங்கள் எழுதியது அரசுக் கண்காணிப்புக்குப் போய்ச் சேரும். புத்தகத்தின் பேரை எடுத்ததுமே பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடுவதை நானே பார்த்தேன், எங்கள் கணக்கில் தவறாக ஏறியிருந்த இரண்டு இரவு உணவு ஐந்தே நிமிஷத்தில் நீங்கியது. சின்ன விஷயத்துக்கெல்லாம் அதைக் கையில் எடுக்காதீர்கள், வேலை செய்கிறவர்களுக்கு அது பெரிய தலைவலி.

கடைசி நாளுக்கு

காலை பதினொன்று, பன்னிரண்டு மணிக்கு அறையைக் காலி செய்ய வேண்டும், விமானமோ இரவில். பெரும்பாலான நல்ல விடுதிகள் பெட்டியை வைத்துக்கொண்டு, மாலையில் குளித்து உடை மாற்ற ஓர் அறையும் கொடுக்கும், முந்தைய நாளே கேட்டு வையுங்கள். கிழக்கு அல்கார்வில் தங்கியிருந்தால் அந்தப் பகலை டவீராவுக்குப் பக்கத்தில் 'பாரில்' என்ற கடற்கரைக்கு ஒதுக்குங்கள். காயலைப் பாலத்தில் கடந்ததும் ஒரு குட்டி ரயில், வேண்டாம் என்றால் பக்கத்திலேயே நடந்தும் போகலாம், ஒரு கிலோமீட்டர்தான். ஒரு காலத்தில் சூரை மீன் பிடிக்கும் குடும்பங்கள் அங்கேயே தங்கியிருந்தார்கள், வலைகளைக் கடலடியில் நிறுத்தி வைக்க இரும்பு நங்கூரங்கள் வைத்திருந்தார்கள். மீன் வரத்து நின்று தொழில் முடிந்தபோது அந்த நங்கூரங்களை மணல்மேட்டில் வரிசை வரிசையாக நட்டு வைத்துவிட்டுப் போய்விட்டார்கள். நூற்றுக்கும் மேல் இருக்கும், ஒவ்வொன்றும் ஆள் நீளம், துருப்பிடித்துச் செம்பு நிறத்தில், கொக்கி மேலே தூக்கியபடி. நங்கூர இடுகாடு என்றே அதற்குப் பெயர். அம்மா ஒன்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு, கையில் ஒட்டிய துருவைத் துடைக்காமலே கொஞ்ச நேரம் நின்றுகொண்டிருந்தார். திரும்ப ரயிலில் ஏறும்போது மணி மூன்று, பெட்டியை எடுத்துக்கொண்டு ஃபாரோ விமான நிலையம் போக ஒரு மணி நேரம் தாராளமாகப் போதும்.